நிறையாத டேங்க்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறையவே நிறையாது என்று நான் பெருமையடித்திருக்கிறேன். தெருவில் யார் வீட்டுக்குக் கழிவுநீர் லாரி வந்தாலும் போய் நின்றுகொண்டு, "நாங்க கட்டினதிலிருந்து மூடியைத் திறந்ததே இல்ல" என்பேன். ஏன் நிறையவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வீடு கட்டும்போது கொத்தனார் கேட்டார்: "அடியில தளம் போடாம விட்டுடலாமா சார்? தண்ணி பூமிக்குள்ள எறங்கிடும். ரொம்பவே ரொம்பாது." செலவு குறையும் என்று தலையாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு. அதைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டினேன்.

ஒழுங்காகக் கட்டிய டேங்கில் எப்போதும் தண்ணீர் நிறைந்தே நிற்கும். எண்ணெய்ப் பசையும் ஏடும் மேலே மிதக்கும். கசடு அடியில் படியும். நடுவில் உள்ள நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். ஏடும் கசடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரியைக் கூப்பிட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை. டேங்க் சிறிதாக இருந்தாலோ, வீட்டில் ஆள் கூடினாலோ அதற்கும் முன்பே. நீளமான கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி இறக்கினால் கசடு எவ்வளவு என்று கறை காட்டிவிடும். நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கார் நிறுத்தும் இடம் அழகாக இருக்க வேண்டுமென்று மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை வந்தார். "தம்பி, கிணத்துத் தண்ணியில வாடை வருது. உங்க டேங்க்ல எதுவும் ஒழுகுதான்னு பாருங்களேன்."

"மழைத்தண்ணி எறங்கியிருக்கும்க்கா" என்றேன். பொய். ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்ட வேண்டுமே என்ற பயம். அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையை வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் டேங்க்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்தச் சந்தேகத்துக்குள் நான் பதுங்கிக்கொண்டேன். பிறகு தண்ணீரைப் பரிசோதித்தார்கள். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. கிணற்றை மூடிவிட்டார்கள். இன்றுவரை குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள்.

கடைசியில் கசடு அடியை அடைத்துக்கொண்டு என் வீட்டுக் கழிப்பறையிலேயே எதிர்த்து வந்தது. அப்போதுதான் லாரியைக் கூப்பிட்டேன். டைல்ஸை உடைத்து மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் ஹோஸில் ஏறியது. களிமண்ணாய் இறுகிய அடிக்கசடு அசையவில்லை. தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி இழுக்க வேண்டும், இன்னொரு லோடு ஆகும் என்றார் டிரைவர்.

நான் சொன்னேன்: "ஒரு ஆள் எறங்கி வெட்டி விட்டா முடிஞ்சிடும்ல? ஆயிரம் சேர்த்துத் தரேன்."

கூட வந்த பையன் சட்டையைக் கழற்றினான். நான் தடுக்கவில்லை. டிரைவர்தான் அவன் கையைப் பிடித்தார். "உள்ள கேஸ் நிக்கும் சார். எறங்குனவன் ஏற மாட்டான்."

தெரியாமல் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். கசடு கலங்கும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். தூக்கிவிட இறங்குபவரும் அங்கேயே விழுவார். இதையெல்லாம் செய்தித்தாளில் படித்தவன்தான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை இறக்கியவருக்கு. என் வீட்டுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பையனிடம் மட்டும் எப்படிக் கேட்க வாய் வந்தது என்பது எனக்குத் தெரியும். படிக்கும் உங்களுக்கும் தெரியும்.

டேங்கை இடித்துத் தளம் போட்டுக் கட்டினேன். அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். கிணறு திரும்பவில்லை. அந்தப் பையன் பிழைத்தது டிரைவரால். அதை என் கணக்கில் யாரும் வரவு வைக்க வேண்டாம்.