கதவுக்கு வெளியே

பேய்க் கதை என்றாலே முகம் சுளிக்கும் பெரியோர்கள் உண்டு. குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கென்று ஏற்பட்ட சரக்கு என்பது அவர்களுடைய அபிப்பிராயம். நானோ அந்தச் சரக்கின் நெடுநாள் வாடிக்கைக்காரன். ஆனால் பேயைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும் கதைகளைப் படித்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் 'குரங்கின் பாதம்' 1902-ல் வெளியான கதை. வரமளிக்கும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று இந்தியாவிலிருந்து சீமைக்குப் போய்ச் சேருகிறது. ஒரு கிழவர் அதனிடம் இருநூறு பவுன் கேட்கிறார். பணம் வருகிறது, இயந்திரத்தில் சிக்கி மாண்ட மகனுக்கு ஈடாக! மகனையே திருப்பிக் கேட்கும்படி தாய் மன்றாடுகிறாள். இரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தாழ்ப்பாளை நீக்கத் தாய் ஓடுகிறாள், தந்தை நடுங்குகிறார். தட்டியது யார் என்பதை ஜேகப்ஸ் கடைசிவரை காட்டவே இல்லை.

எட்கர் ஆலன் போ 1843-ல் வெளியிட்ட கதையொன்றில் பேயே கிடையாது. தான் கொன்றவனின் இருதயம் துடிப்பது கொலைகாரனுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். நூறாண்டு கழித்து, 1943-ல் வந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யிலோ, மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொண்ட பிச்சைக்காரியைச் சுற்றியே பயம் வளர்கிறது.

பாசம், குற்றம், இரக்கம் — இம்மூன்றும் நம் எல்லோர் வீட்டிலும் உள்ளவையே. அந்தத் தாயின் நிலையில் நாம் இருந்தால் தாழ்ப்பாளை நீக்குவோமா, மாட்டோமா? பேய் உண்டா இல்லையா என்ற தர்க்கத்தைவிட, இந்தக் கேள்விதான் என் தூக்கத்தை அதிகம் கெடுத்திருக்கிறது.