கருகியதல்ல, கருக்கியது

மொழிபெயர்ப்பவனுக்கு ஓர் எழுத்தும் பெரிய விஷயம். கருகிய மீன் விபத்து. கருக்கிய மீன் சமையல். இரண்டாவதைப் பிரபலமாக்கியவர் 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்த பால் புருடோம்.

டெல்லி சித்தரஞ்சன் பார்க் சந்தையில் முள் நீக்கிய பேட்கி கிடைக்கும். நம்மூரில் கொடுவா. மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுப்பொடி, உப்பு, தைம் இலை. தைம் இல்லையென்றால் கொஞ்சம் ஓமம். இரண்டிலும் மணப்பது தைமால்தான். உருக்கிய வெண்ணெயில் மீனைத் தோய்த்து, பொடியில் புரட்டி, புகைகிற இரும்புக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். கருப்பது மசாலாவும் வெண்ணெயும்தான். உள்ளே மீன் வெள்ளையாகவே இருக்கும். ஜன்னல்களைத் திறந்து வைப்பது அவசியம். "தீயணைப்புக்குச் சொல்லிடவா?" என்று இருமிய என் மனைவி, இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

புருடோம் சமைத்தது மெக்ஸிகோ வளைகுடாவின் ரெட்ஃபிஷ். அந்த ருசி அமெரிக்கா முழுக்கப் பரவியதில் மீன்வளம் சரிந்தது. 1980-களின் பிற்பகுதியில் வளைகுடாவின் மத்திய அரசுக் கடற்பகுதியில் அதை வணிகத்துக்காகப் பிடிக்கவே தடை வந்தது. புருடோம் 2015-ல் மறைந்தார். அவரது செய்முறைக்கு ஒரே மீன்தான் வேண்டும் என்பதில்லை. அதனால் சந்தையில் அன்று கெட்டிச் சதையோடு எது மலிவோ, அதையே வாங்குகிறேன்.