மாமாவின் சின்ன கிட்டார்

பெரம்பலூருக்கு அன்றும் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. மெட்ராசுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பஸ் ஏறி அரியலூருக்குத்தான் வருவோம். கார்டு லைனில் மீட்டர் கேஜ் ஓடிய காலம். சுண்ணாம்புக்கல் பூமி, ரோட்டோர வேப்பிலையில்கூட வெள்ளைத் தூசி படிந்திருக்கும். 1956 நவம்பரில் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததையும், லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று மந்திரி பதவியை விட்டதையும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். எனக்கு மட்டும் அரியலூர் என்றதும் ரயில்வே குவார்ட்டர்ஸில் மாமா வீட்டுக் கூடமும், அங்கே பெஞ்சின் மேல் கிடந்த சின்ன கிட்டாரும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

பொன்மலையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, ரிடையர் ஆகி ஆஸ்திரேலியா கிளம்பியபோது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. அவருடைய அப்பா வாசித்ததாம். இப்போது கடைகளில் தொங்கும் கிட்டாரில் முக்கால் அளவுதான் இருக்கும். ஒடுங்கிய இடுப்பு, சரிந்த தோள். இன்றைய கிட்டார்களில் பெரும்பாலும் கழுத்து 14-ஆவது ஃப்ரெட்டில் உடம்போடு சேரும். இதில் 12-லேயே சேர்ந்துவிடும். பார்லர் கிட்டார் என்பார்கள். வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்க வாசிப்பதற்கென்று 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த வடிவம். 1916-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, டிட்சன் என்ற கடைக்காக டிரெட்நாட் எனும் அகன்ற கிட்டாரைச் செய்தது. 1931-இலிருந்து தன் பெயரிலேயே விற்றது. மேடைக்குச் சத்தம் வேண்டியிருந்தது. கூடத்துக் கிட்டார்கள் மெல்ல ஒதுங்கின. நம் பக்கத்தில் நான் பார்த்ததெல்லாம் கல்கத்தாவில் செய்த பெரிய கிட்டார்கள்தான். மாமாவிடம் இருந்ததுபோல் இன்னொன்றை இந்த இரண்டு மாவட்டத்திலும் நான் கண்டதில்லை.

ஆனால் வந்தபோது அது வாசிக்கும் நிலையில் இல்லை. குடல் நரம்புத் தந்திக்காகச் செய்த கிட்டாருக்கு, இடையில் யாரோ ஸ்டீல் கம்பி பூட்டியிருந்தார்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ என்றால் ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். முன்பலகை வயிறு உப்பிவிட்டது. தந்திகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜின் பின்விளிம்பு பெயர்ந்து நின்றது. 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதிலோ சுண்டுவிரல் நுழையும். கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்துத் திருகி நிமிர்த்தும் முறையை 1920-களில் கிப்சன் கம்பெனி கொண்டுவந்தது. இதில் அதுவும் இல்லை.

காட்டிய இடத்திலெல்லாம் முடியாது என்றார்கள். மாமா அதை வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பெரம்பலூர் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு அரும்பாவூர் போனார். பச்சைமலை அடிவாரத்து ஊர். கோயில் வாகனங்களும் சாமி சிலைகளும் மரத்தில் செதுக்குகிற ஊர்; 2020-இல் அந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் பாதி செதுக்கிய யாளி ஒன்று நின்றது. ஆசாரி அதுவரை கிட்டாரைத் தொட்டதே இல்லை. மரத்தைத்தான் தெரியும் அவருக்கு. முன்பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டு விட்டிருந்தது அங்கேதான்.

“வஜ்ஜிரம் போட்டு ஒட்டினதுங்கய்யா. சூடு காட்டினா விடும், மறுபடி பிடிக்கும். நீங்க விட்டுட்டுப் போங்க” என்றார்.

அந்தக் காலத்துக் கிட்டார்காரர்கள் போட்ட வஜ்ஜிரப் பசையில் இந்த வசதி உண்டு. ஃபெவிகால் போட்டு ஒட்டிய பிரிட்ஜைக் கழற்றினால் மரமும் சேர்ந்து பெயர்ந்து வரும். அவர் பிரிட்ஜை எடுத்து, பலகையைப் படியவைத்து, சட்டத்தையும் ஒட்டி, தந்தி ஏறி உட்காரும் எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்திக் கொடுத்தார். நைலான் தந்தி மெட்ராஸ் மவுண்ட் ரோடு மியூசி மியூசிகலிலிருந்து வந்தது. 1842-இல் தொடங்கிய கடை அது.

பிறகு அது பேசிய பேச்சை எப்படிச் சொல்வேன்! கீழ்ஸ்தாயியில் பெரிய முழக்கம் கிடையாது. நடு ஸ்தாயியில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, துலக்கமாக விழும். நீண்டு இழுக்காமல் நிற்கும். 1982-இல் ‘இளைய நிலா’ வந்தபோது, ரேடியோவில் கேட்டுக் கேட்டு மாமா அந்தக் கிட்டார் பகுதியைப் பிடித்துவிட்டார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு நானும் வாசலில் நின்றேன்.

கோடையில் அந்த ஊர் வெயிலுக்கு மரம் வெடித்துவிடும். மாமா ஒரு சோப்பு டப்பாவில் துளைகள் போட்டு, ஈரப் பஞ்சை வைத்துப் பெட்டிக்குள் கிட்டாரோடு மூடுவார். வெளியூர் போனால் தந்தியைத் தளர்த்திவிட்டுத்தான் போவார். அந்தக் கவனம்தான் அதைக் காப்பாற்றியது.

மாமா போய்விட்டார். கிட்டார் இப்போது பெரம்பலூரில் அவர் மகளிடம் இருக்கிறது. எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி மறுபடி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே சுத்தமாகப் பேசுகிறது. பழம்பொருள் சேர்ப்பவர்கள், பிரிட்ஜைக் கழற்றி ஒட்டியதால் விலை குறையும் என்கிறார்கள். ஒட்டியதால்தான் அவள் பிள்ளைகள் இன்று அதில் வாசிக்கிறார்கள். எனக்கு அதுதான் மதிப்பு.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பழைய சின்ன கிட்டார் கிடக்கலாம். ஸ்டீல் கம்பி பூட்டியிருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். மரவேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அலங்காரத்துக்கென்று ஆணியடித்துச் சுவரில் மாட்டிவிடாதீர்கள்.