எங்கள் வீட்டு வழக்கு

அஜ்னி ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வசிக்கும் இரண்டு அறை வீட்டில் சென்ற ஆண்டு முழுவதும் ஒரு வழக்கு நடைபெற்றது. வாதி என் தமக்கை, பிரதிவாதி நான். வழக்குக்குக் காரணமாயிருந்தவள் அவளுடைய ஒரே மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தாள். அவள் வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பி.ஏ. பட்டம் பெற்று அதன்பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதா, அல்லது பள்ளியை விட்டதும் பட்டத்தையும் சட்டத்தையும் ஒன்றாய்ப் பிணைத்துத் தரும் ஐந்தாண்டுப் படிப்பில் நேரே சேர்வதா என்பதே வழக்கு. நாகபுரியில் நம் சங்கத்தைச் சேர்ந்த வேறு சில வீடுகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளதென்று பொங்கல் விழாவில் அறிந்தேன். ஆகவே எங்கள் அனுபவத்தை எழுதத் துணிந்தேன்.

நான் அதிகம் படித்தவன் அல்லன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலஞ்சென்றமையால், மெட்ரிகுலேஷன் சான்றிதழ் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தேன். என் மேசைக்கு வருபவை நஷ்ட ஈட்டு வழக்குகளின் கோப்புகள். கோப்புகளைத் தொடர்ந்து வக்கீல்களும் வருவார்கள். அவர்களைக் கண்டு கண்டு எனக்கும் அந்தக் கறுப்பு அங்கியின்மேல் ஆசை உண்டாயிற்று. தந்தையாரின் நண்பர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், 1970களில் பகலெல்லாம் பார்சல் ஆபீசில் வேலை பார்த்து, மாலையில் சட்டக் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்றவர். ஓய்வு பெற்றபின் பத்தாண்டு காலம் கோர்ட்டுக்குப் போய் வந்தார். எப்படியாவது ஒரு பட்டம் பெற்றுவிட்டால் நாமும் அவரைப் போல் ஆகலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் 2008-ஆம் ஆண்டில் பார் கவுன்சில் வகுத்த சட்டக் கல்வி விதிகள், வகுப்புகளைக் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்த வேண்டுமென்று கூறிவிட்டன. ஆபீஸ் முடிந்தபின் படிக்கும் வழி எனக்கு அதோடு அடைபட்டது. தமக்கை மகளின் பொருட்டு நான் வாதாடியபோது இந்தப் பழைய ஆசையும் என்னோடு சேர்ந்து வாதாடிற்று என்பதை இப்போது உணர்கிறேன். அப்போது உணரவில்லை.

என் வாதம் கணக்கு வாதம். பி.ஏ. மூன்று ஆண்டு, சட்டம் மூன்று ஆண்டு, ஆக ஆறு. ஒருங்கிணைந்த படிப்போ ஐந்து. ஓராண்டுக் கல்லூரிச் சம்பளம், ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவு, ஓராண்டு வயது, மூன்றும் மிச்சம். மேலும் இப்படிப்பு நேற்று முளைத்ததன்று. 1967-க்கு முன்னர் பட்டதாரி ஒருவர் இரண்டே ஆண்டில் சட்டப் பட்டம் பெற்றுவிடலாம், அதன்பின் மூன்றாண்டாயிற்று. வேறு வேலை கிடைக்காத பட்டதாரிகள் ஒதுங்கும் திண்ணையாகச் சட்டக் கல்லூரிகள் ஆகிவிட்டன என்ற குறை அக்காலத்தில் பலரிடமும் இருந்தது. இளமையிலேயே பிடித்து, முழுநேரமும் படிக்க வைக்க வேண்டுமென்று எண்ணிப் பார் கவுன்சில் 1982-இல் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தது. 1988-இல் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி தன் முதல் வகுப்பைத் தொடங்கிய பிறகு இத்திட்டத்துக்கு நாடெங்கும் மதிப்பு ஏற்பட்டது. அதை உருவாக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த பேராசிரியர் என். ஆர். மாதவ மேனன். அரசியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றை முதல் ஆண்டுகளில் சட்டப் பாடங்களோடு கலந்து பத்துப் பருவங்களில் கற்பிப்பது முறை. பி.காம்., பி.பி.ஏ. ஆகியவற்றோடு பிணைத்த படிப்புகளும் உண்டு.

“இந்தக் குறுக்கு வழியில் போய்ப் பெரிய ஆளானவர் யார்?” என்று தமக்கை கேட்டாள். விடை என்னிடம் தயாராக இருந்தது. பொள்ளாச்சியில் வளர்ந்த கே. வி. விசுவநாதன், 1980களில் கோயம்புத்தூர் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பைப் படித்து, 1988-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டவர். 2023-இல் வக்கீல் தொழிலிலிருந்து நேரே உச்ச நீதிமன்ற நீதிபதியானார். மூப்பு வரிசை மாறாதிருந்தால் 2030-இல் தலைமை நீதிபதியும் ஆவார். இதைச் சொல்லிவிட்டு, வழக்கில் வென்றவன் போல் காபியை எடுத்துக் குடித்தேன்.

தமக்கை அசையவில்லை. எட்டாண்டுகளுக்கு முன் கணவரை இழந்து, குழந்தையுடன் என் வீட்டுக்கு வந்தவள் அவள். தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள்.

“தம்பி, ஓராண்டு மிச்சம் என்கிறாய். மூன்றாம் ஆண்டு முடிவில் இவள் கையில் என்ன இருக்கும்? அதைச் சொல்” என்றாள்.

என்னால் உடனே சொல்ல இயலவில்லை. பி.ஏ. முடித்த பெண்ணிடம் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம் இருக்கும். பாங்குத் தேர்வு எழுதலாம். பட்டதாரிகளுக்கான ரயில்வே தேர்வும் எழுதலாம். எனக்கு ஏதேனும் நேர்ந்தாலும் அவள் ஒரு வேலையில் அமர்ந்து தாயைக் காப்பாற்றலாம். ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவளுக்கோ ஐந்தாம் ஆண்டு முடியும்வரை பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்தான் சொத்து. இடையில் விட்டுவிட்டால், படித்த மூன்றாண்டுக்கு ஒரு பி.ஏ.யாவது பிரித்துக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். அதே 2008-ஆம் ஆண்டு விதிகளில் 13-ஆம் விதி இதைத் திட்டவட்டமாகத் தடுக்கிறது. பட்டதாரி என்று சொல்லி நடுவில் நுழையவும் முடியாது. இணைந்த பட்டத்தைப் பிளந்து ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு நடுவில் வெளியேறவும் முடியாது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மற்றப் பட்டப் படிப்புகளில் முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் சான்றிதழோடு விலகலாம் என்று கதவுகளைத் திறந்து வைத்தபோதும், இந்தக் கதவு திறக்கவில்லை. அமெரிக்காவிலும் பட்டத்தையும் சட்டத்தையும் இணைத்து ஏழாண்டை ஆறாகச் சுருக்கும் படிப்புகள் உண்டு. அங்கே சட்டக் கல்லூரியின் முதலாண்டையே பட்டத்தின் நான்காம் ஆண்டாகக் கணக்கிட்டுப் பெரும்பாலும் அத்தறுவாயில் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் சட்டம் வேண்டாமென்று விலகினாலும் பட்டம் கையில் நிற்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு கார்டின் மகன் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் மனம் வெறுத்துத் திரும்பி வந்தான். கெட்ட பிள்ளை அல்லன். அவனுக்குச் சட்டம் பிடிக்கவில்லை, அவ்வளவே. இருபது வயதில், தன்னைவிடச் சிறியவர்களோடு, பி.ஏ. முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தான். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் தமக்கை என்னைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஆபீசுக்கு வரும் வக்கீல்கள் இருவரிடம் யோசனை கேட்டேன். மூத்தவர் பி.எஸ்ஸி. முடித்துப் பிறகு சட்டம் படித்தவர். நம் நாகபுரியிலேயே பி.ஏ. முடித்துப் பிறகு சட்டம் பயின்ற சரத் போப்டே 2019-இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானதை எடுத்துக்காட்டி, “நிதானமாகப் போனவர்களும் ஊர் சேர்ந்திருக்கிறார்கள்” என்றார். நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டுமென்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவூட்டினார். ஐந்தாண்டும் அதிகம், பள்ளியிறுதிக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு போதுமா என்று ஆராய வேண்டுமெனக் கோரிய மனுவை அந்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்க மறுத்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இளையவர் ஒரு பெண். ஐந்தாண்டுப் படிப்பில் தேறியவர். “மூன்றாம் ஆண்டில் நானும் ஓடிவிட நினைத்தேன். ஓட வழியில்லாததால் படித்தேன். இன்று அதற்காக மகிழ்கிறேன். ஆனால் எல்லாரும் மகிழ்வார்கள் என்று சொல்ல மாட்டேன்” என்றார். ஐந்தாண்டு முறைக்கு வழிகாட்டிய பெங்களூர்ப் பள்ளியே 2022-இல் பட்டதாரிகளுக்கென மூன்றாண்டுப் படிப்பையும் தொடங்கியது என்று அவர் சொன்னபோது, என் வாதத்தின் ஒரு கால் ஒடிந்தது.

இதற்கிடையில் டிசம்பர் மாதம் வந்தது. கிளாட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வுக்கு 4000 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தோம். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. தேர்வு ஆங்கிலத்தில்தான். இந்தியில் படித்த பிள்ளைகளும் தமிழில் படித்த பிள்ளைகளும் அங்கே ஒரே தராசில் தவிக்கிறார்கள். எங்கள் பெண்ணுக்குக் கிடைத்த இடம் தொலைதூரத்தில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில். இத்தகைய பல்கலைக்கழகங்களில் சம்பளமும் விடுதிச் செலவுமாக ஆண்டுக்கு இரண்டு மூன்று இலட்சம் ரூபாய் சாதாரணமாக ஆகிறது. என் சம்பளத்தைப் பார்த்தேன். கடன் விண்ணப்பத்தைப் பார்த்தேன். தமக்கை தன் இரண்டு வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வழக்கில் எனக்கு எதிராக வாதாடியவளே வளையலையும் கழற்றி வைத்தது என்னை மிகவும் வாட்டிற்று.

அன்றிரவுதான் அந்தப் பெண் முதன்முறையாக வாய் திறந்தாள். அதுவரை நாங்கள் அவளைக் கேட்கவே இல்லை என்பது வெட்கத்துக்குரிய உண்மை. ஒரு நோட்டுத் தாளில் அவள் ஏதோ கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

“மாமா, வளையலும் வேண்டாம், கடனும் வேண்டாம். மாநில அரசு நடத்தும் நுழைவுத் தேர்வையும் எழுதுகிறேன். இடம் கிடைத்தால் இங்கேயே வீட்டிலிருந்து ஐந்தாண்டுப் படிப்பில் சேர்கிறேன். மிச்சமாகும் என்று நீங்கள் சொல்கிற அந்த ஓராண்டை எனக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். முதலாண்டு முடிவில், இது எனக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால், அப்போதே சொல்லிவிட்டு பி.ஏ.யில் சேர்ந்துவிடுவேன். அப்போது நமக்குப் போவது மிச்சமாகியிருக்க வேண்டிய அந்த ஓராண்டுதான். அதற்குமேல் தங்கிவிட்டால் பிறகு நான் திரும்ப மாட்டேன். அம்மா என்னைக் கேட்கவும் வேண்டாம்” என்றாள்.

நான் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தேன். இருபது ஆண்டுகளாகக் கோப்பும் கணக்குமாக இருப்பவனுக்குத் தோன்றாதது பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருந்தது. தமக்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வழக்கு ராஜியில் முடிந்தது.

மாநிலத் தேர்வில் அவளுக்கு நாகபுரியிலேயே இடம் கிடைத்தது. இப்போது முதலாண்டின் இரண்டாம் பருவம். காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பஸ் ஏறுகிறாள். ஐந்தாண்டுக்குள் 20 வாரம் வக்கீல் ஆபீஸ்களிலும் நீதிமன்றங்களிலும் பயிற்சி பெற வேண்டுமாம். அதற்கு அந்த இளைய வக்கீலம்மாள் தம்மிடமே வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, தீங்கியல் சட்டப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, “மாமா, ரயில்வே சட்டம் 124-ஏ பிரிவு உங்கள் கோப்புகளில் வருமா?” என்று கேட்டாள்.

வராமல் என்ன? என் மேசையின் அன்னமே அதுதான். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு ஈடு கொடுக்கச் சொல்லும் பிரிவு. 2017 முதல் உயிரிழப்புக்கு 8 இலட்சம் ரூபாய்.

“யாருடைய தவறு என்று பாராமலே கொடுக்க வேண்டிய ஈடு அது. பயணியின் கவனக் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. இறந்தவரிடம் டிக்கெட் அகப்படவில்லை என்பதால் மட்டும் அவர் பயணியே அல்லர் என்றும் ஆகிவிடாது. 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது” என்றாள்.

ரீனா தேவி என்ற பெயரை எத்தனையோ மனுக்களில் பார்த்துப் பார்த்து, நானே பதிவேட்டில் எழுதியும் இருக்கிறேன். வக்கீல்கள் அதை ஏன் ஒவ்வொரு மனுவிலும் எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “அப்படியானால் டிக்கெட் இல்லையென்றால் யார் நிரூபிக்க வேண்டும்?” என்று கேட்டேன். “முதலில் குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், பிறகு சுமை உங்கள் பக்கம் வந்துவிடும், மாமா” என்றாள். சோறு ஆறுகிறது என்று தமக்கை அதட்டினாள்.

பருவத் தேர்வு முடியும் நாளைத் தமக்கை நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அன்றுதான் பெண் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அவளாக இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேற்று பள்ளிக்கூடத்துப் பழைய புத்தகங்களைக் கட்டி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த அலமாரித் தட்டைத் துடைத்து வைத்திருந்தாள்.