ஓட்டைக் காலணா

1/ நாணயம் சேர்க்குறது வெட்டி வேலைன்னு வீட்ல திட்டு. ஆனா எனக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தது அதுதான்.

2/ 1943-ல் வந்த காலணாவுக்கு நடுவில் ஓட்டை. அழகுக்கு இல்லை, உலகப்போர் நேரம், செம்பை மிச்சப்படுத்த. 64 காலணா சேர்ந்தா ஒரு ரூபாய். 1957-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆன பிறகும் நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் போகலை.

3/ போன மாசம் மறதி நோயோட ஒரு பாட்டி வந்தாங்க. மகள் பேரே நினைவில்லை. மேசையில் கிடந்த ஓட்டைக் காலணாவைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துட்டு, "இதை அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டியிருந்தாங்க, என் தம்பிக்கு"ன்னாங்க.

4/ அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததே மகளுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

5/ காசை அவங்களிடமே கொடுத்துட்டேன். ஆல்பத்தில் அந்த இடம் காலி. இருக்கட்டும்.