கோலகுபுவிலிருந்து கேப் வரை

கிள்ளானில் என் தங்கை வீட்டு முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் தகப்பனாருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நான் சைக்கிள் விடுகிறேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கேப்புக்குப் போனியா?"

இரயில்வே உத்தியோகத்தில் ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் காலம் தள்ளும் எனக்கு, சைக்கிள் பைத்தியத்தைத் தொற்றவைத்தவன் தங்கை மகன். "மாமா, நடக்கிறதைவிட முட்டிக்கு இது நல்லது" என்றான். மருத்துவரும் ஆமோதித்தார். என் மனைவி மட்டும், "அறுபது வயசுக்கு மேலே மலையேறித்தான் ஆகணுமா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கோலாலம்பூரைச் சுற்றி இத்தனை மலைச்சாலைகள் இருப்பது காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. வாரக் கடைசியில் விடிகாலை ஆறு மணிக்கு உலு லங்காட் பக்கம் போய்ப் பாருங்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் சரசரவென்று போய்க்கொண்டிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த இடமே நல்லது என்பேன். பதினான்காம் கட்டையில் பசியாறிவிட்டு, பதினெட்டாம் கட்டை தாண்டினால், சாலை காட்டுக்குள் நுழைந்து கெந்திங் பெராஸ் வரை ஏறும். உச்சியில் சிலாங்கூர் முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கிவிடும். அதற்கு அப்பால் இறங்கினால் ஜெலுபு பக்கம், கோல கிளாவாங்.

அங்கே சுங்கை செராய் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது மருமகன் கேட்டான்: "மாமா, தண்ணி இப்படிக் கொதிக்குதே, இது எரிமலையா?"

நல்ல கேள்விதான். இல்லை என்பதே பதில். நம் தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு வெளியே வராமல் உள்ளேயே மெல்ல ஆறி இறுகியது. மேலிருந்த மண்ணும் பாறையும் கரைந்துபோக, இன்று அது மலையாக நிற்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. வெந்நீர் ஊற்றின் இரகசியம் அவ்வளவுதான். எரிமலைகள் கடலுக்கு அந்தப்புறம், சுமத்ராவிலும் ஜாவாவிலும் இருக்கின்றன. ஆனாலும் அவை நம்மைத் தொடாமல் விடவில்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்த சாம்பல், பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் மண்ணுக்குள் படிந்து கிடக்கிறது.

சைக்கிள்காரனுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். ஜாவாவின் இஜென், இத்தாலியின் எட்னா போன்ற எரிமலைகளிலும் பந்தயக்காரர்கள் ஏறுகிறார்கள். அவை தனித்து நிற்கும் கூம்புகள். சாலை உச்சியை நோக்கியே போகும். நம்முடையது வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் சுவர். பழைய சாலைகள் உச்சியைத் தேடவில்லை; அந்தச் சுவரில் தாழ்வான இடத்தைத் தேடின. மலாய் மொழியில் 'கெந்திங்' என்றாலே மலைக்கு நடுவே குறுகலான கணவாய். கெந்திங் பெராஸ், கெந்திங் செம்பா எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தாம். வெள்ளைக்காரன் தன் மொழியில் 'கேப்' என்றான்.

உலு லங்காட்டுக்கு அடுத்த பாடம் கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பாவுக்கு ஏறும் பழைய பெந்தோங் சாலை. காராக் நெடுஞ்சாலை வந்த பிறகு கனரக வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டதால், பழைய சாலை மூங்கில் நிழலில் அமைதியாகக் கிடக்கிறது. பூர்வகுடி மக்களின் மருத்துவமனையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். கடுமையான ஏற்றமில்லை, ஆனால் விடாமல் ஏறும். சின்னப் பல்சக்கரத்தில் போட்டு, பேசிக்கொண்டே மிதிக்கலாம். பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம் என்று பொருள். இந்தக் கணக்கை மருமகன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

கெந்திங் ஹைலண்ட்ஸ் உச்சிக்குப் போகும் சாலையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. லிம் கோ தோங் 1965-இல் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை போடவே சுமார் நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தில் உலக வீரர்களையே திணறவைத்த ஏற்றம் அது. கோத்தோங் ஜெயாவுக்கு மேலே சுவரில் ஏறுவது போல. போதாக்குறைக்குப் பேருந்துகளும் கார்களும். பத்தாங் காலியிலிருந்து வரும் மறுபாதையில் 2022 டிசம்பரில் நள்ளிரவில் மண் சரிந்து, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டார்கள். மழைக்காலத்தில் மலைச்சாலைக்குப் போகுமுன், பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

இனி கேப்.

1951-இல் என் தகப்பனாருக்குப் பதினாறு வயது. ராசா பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெசருக்கு எடுபிடி. தோட்ட மருந்தகத்துச் சைக்கிள் அவர் வசம் இருந்தது. அக்டோபர் 6, சனிக்கிழமை. கூட்டாளி ஒருவரோடு அன்று கேப் வரை போய்ப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. அவசரகாலம். சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை. இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு கிளம்பியிருக்கிறார்கள். கோலகுபு பாரு போவதற்குள் பின்சக்கரம் காற்றுப் போய்விட்டது. ஒட்டுவதற்குக் கையில் காசில்லை. திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அன்று மதியம் அந்தச் சாலையில்தான், கேப்புக்குக் கொஞ்சம் கீழே, பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். அவர் காரைவிட்டு இறங்கி நடந்தார். மனைவி காருக்குள் குனிந்திருந்து பிழைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சாலை பட்டாளத்துச் சாலை ஆகிவிட்டது. மலைக்கு அப்பால் ட்ராஸ் என்ற ஊரின் சனங்களையே மொத்தமாகக் கொண்டுபோய் அடைத்தார்கள். அப்பா பின்னர் இரயில்வேயில் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் நூறு குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டார். கூட்டாளி ஊருக்குக் கப்பலேறினார். கேப் போகவேயில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகனின் வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் கோலகுபு பாரு போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு. ஒழுங்கான, அடக்கமான சிறு பட்டணம். பழைய கோலகுபு 1883-இல் அணை உடைந்து பாழானது; பிறகும் வெள்ளமும் ஈயச்சுரங்க மண்ணும் மூடிக்கொண்டே வந்ததால், ஊரையே உயரத்துக்கு மாற்றினார்கள். அதனால்தான் பெயரில் 'பாரு', அதாவது புதியது.

கேப் வரை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முதலில் சிலாங்கூர் ஆற்று அணையின் ஓரமாக ஏறுகிறோம். பழைய சாலையின் ஒரு பகுதி அந்தத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அப்பாவின் சைக்கிள் வந்திருக்கக்கூடிய வழி அது. பெர்தாக் பூர்வகுடிக் குடியிருப்புக்குப் பிறகு கடை கிடையாது. தண்ணீர் இரண்டு போத்தல் நிறைய வேண்டும். வாழைப்பழம் வைத்துக்கொண்டால் உத்தமம். அதன் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மதகு, ஒரு சிற்றோடை, குளிர்ந்த காற்று. மேலே எங்கோ இருவாட்சி சிறகடிக்கும் சத்தம். நான் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன். மருமகன் முன்னால் போய்க் காத்திருந்து, ஒன்றும் பார்க்காதவன்போல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை.

கர்னி விழுந்த வளைவு எது என்று தேடி நின்றேன். எல்லா வளைவும் ஒன்றுபோலவே இருந்தது. ஒரு பக்கம் செங்குத்தான கரை, மறுபக்கம் பள்ளம். ஒளிந்திருக்க வசதியில்லாத வளைவே இல்லை.

கேப்பில் வாயில் திறக்கக் காத்திருந்தோம். அங்கிருந்து பிரேசர் மலைக்கு எட்டு கிலோமீட்டர் சாலை மிகக் குறுகல். ஒருவழியாக விட்டுவிட்டுப் போக்குவரத்தை அனுப்பிப் பழக்கப்பட்ட இடம். நேரங்கள் அவ்வப்போது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். மேலே போனதும் கொடி படர்ந்த மணிக்கூண்டும் கல் வீடுகளும் பனிமூட்டமும். லூயி ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஈயம் தேடி இங்கே வந்து, பிறகு என்ன ஆனார் என்றே தெரியாமல் போனவர். அவர் பெயரை மலைக்கு வைத்துவிட்டார்கள்.

இறக்கத்தைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துப் பழைய சைக்கிளை, கம்பி பிரேக்கோடு, இந்த மலைக்குக் கொண்டுவராதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டு, இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பிற்பகல் மழைக்கு முன் கீழே வந்துவிட வேண்டும். இவ்வளவும் தெரிந்த நானே, அணைக்கு மேலே ஒரு வளைவில் வாய்க்காலுக்குள் போக இருந்தேன். ஒரு காலை ஊன்றித் தப்பினேன். முழங்கையில் தோல் போனது. வீட்டில் சொல்லவில்லை.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். அப்பா முழங்கையைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் அணையைச் சொன்னேன், வளைவுகளைச் சொன்னேன், கேப்பின் வாயிலைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தள்ளினியா?"

"ரெண்டு இடத்திலே தள்ளினேம்பா."

"நாங்களா இருந்தா முழுக்கத் தள்ளியிருப்போம். அந்தச் சைக்கிள் அப்படி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கேப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா ரவூப் சடக்குதானே?"

"ஆமாம்பா."

"சரி, அடுத்த தடவை அதையும் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி என் தங்கையிடம் தேநீர் கேட்டார்.