நிமிர்ந்துபோன பேரல்

மெரினாவில் பலூன் சுட்டு ஏமாந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பேரலை வளைச்சு வெச்சிருக்கான்." வளைத்தே வைத்திருக்கட்டும். அந்தக் கடைக்காரர் அதே துப்பாக்கியை வாங்கி, பலூனுக்கு நாலு விரற்கடை தள்ளிக் குறிவைத்து, அடுத்த கிராக்கியோடு பேசிக்கொண்டே பட் பட்டென்று வரிசையாக உடைத்துக் காட்டுகிறாரே, அது எப்படி? ஒவ்வொரு முறையும் அதே தப்பான இடத்தில் அடிக்கிற துப்பாக்கியை நம்பலாம். எவ்வளவு தள்ளி அடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். ஒரு தரம் இடப்பக்கம், மறு தரம் மேலே, மூன்றாவது எங்கே போனது என்றே தெரியாது என்றால் அதுதான் பழுது. சுடுகிறவர்கள் இதைக் குரூப்பிங் என்பார்கள். குறி எங்கே இருந்தாலும், துளைகள் ஒன்றையொன்று ஒட்டி விழுகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி.

உடுமலைப்பேட்டைப் பக்கம் என் மச்சினர் தோட்டத்தில் ஒரு ஏர் ரைஃபிள் உண்டு. 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. பேரல். அந்த அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. நம் ஊரில் இந்தத் துப்பாக்கிகளைச் செய்தவர்களில் இந்தியன் ஹியூம் பைப் நிறுவனமும் ஒன்று என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சிமெண்ட் குழாய்க்காரர்களுக்கு இந்தக் குழாய் மட்டும் என்ன பெரிய விஷயம்! மச்சினர் சுடுவதெல்லாம் காலி டப்பாக்களையும், வேலியில் கட்டித் தொங்கவிட்ட பழைய தட்டையும்தான். கிளி, கொக்குப் பக்கம் திருப்பக் கூடாது என்று அவர் அப்பா போட்ட சட்டம் அந்த வீட்டில் இன்னும் செல்லும்.

இந்த வகைத் துப்பாக்கியில் பேரலை மடக்கினால் உள்ளே பிஸ்டன் பின்னால் போகும். மெயின் ஸ்பிரிங் சுருங்கும். ட்ரிகர் கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பெல்லட்டை வைத்துவிட்டு பேரலைத் திரும்ப நேராக்கி மூட வேண்டும். மூடுவதற்கு முன் ட்ரிகரில் விரல் பட்டால் போச்சு. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும்; பிஸ்டனோடு இரும்புத் தண்டால் பிணைந்திருக்கிற பேரல் படாரென்று மேலெழும்பி மூடிக்கொள்ளும். நடுவில் விரல் இருந்தால் விரல் நசுங்கும். புதிய துப்பாக்கிகளில் இதைத் தடுக்க ஒரு பூட்டு வைக்கிறார்கள். பழையதில் ஏது? பெல்லட் வைக்கும்போது மற்றொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த ஒரு பையன் கையில் இதுதான் நடந்தது. நல்லவேளை, பெல்லட்டை எடுக்க அவன் கை டப்பாவுக்குள் இருந்தது. சத்தம் கேட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். துப்பாக்கிக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. சுட்டுப் பார்த்தார்கள், டப்பாவில் பட்டது. கொஞ்சம் மேலே பட்டது, அவ்வளவுதான்.

வினை ஸ்கோப் மாட்டியபோது வந்தது. மச்சினர் கோயம்புத்தூர் போய் ஒன்று வாங்கிவந்து பூட்டினார். டப்பாவின் நடுவைக் குறிவைத்தால் பெல்லட் டப்பாவுக்கு மேலே பறக்கிறது. ஸ்கோப்பின் திருகை முடிந்தவரை கீழிறக்கியும் பற்றவில்லை. "ஸ்கோப் டூப்ளிகேட், என் தலையில கட்டிட்டானுங்க" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, அதைக் கழற்றிவிட்டுப் பழைய குறியிலேயே சுட்டார். டப்பாவில் பட்டது. அப்புறம் ஸ்கோப்தானே குற்றவாளி?

இல்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன் குறி பேரலின் நுனியில் இருக்கிறது. பின் குறியும் இந்த மாதிரித் துப்பாக்கிகள் பலவற்றில் பேரலின் அடிக்கட்டின் மேல்தான் இருக்கிறது. படாரென்று மூடிக்கொண்ட வேகத்தில் அந்த அடிக்கட்டுக்குச் சற்று முன்னால் பேரல் மேல்நோக்கி வளைந்தால் முன் குறியும் கூடவே உயர்ந்துவிடும். உயர்ந்த குறியை இலக்கோடு பொருத்துகிற கண், தன்னை அறியாமலே துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்ளும். பாதிக்கும் மேற்பட்ட கோணல் அதிலேயே மறைந்துபோகும். ஸ்கோப்போ பின்னால் இருக்கிற, பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேரலுக்கு என்ன ஆனதென்று அதற்குத் தெரியாது. எனவே அது முழுக் கோணலையும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். பேரல் 45 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி 1 மி.மீ. நிமிர்ந்தால் 10 மீட்டரில் பெல்லட் ஏறக்குறைய 22 மி.மீ. மேலே போகும். ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டரிலிருந்து ஏர் ரைஃபிளால் சுடும் இலக்கில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஆக, உண்மையைச் சொன்ன கருவி ஸ்கோப். திட்டு வாங்கியதும் அதுதான்.

பேரல் வளைவு இடத்தை மாற்றும், சிதறடிக்காது. மச்சினர் துப்பாக்கியிலோ மேலே போகிற பெல்லட்டுகள் சிதறவும் செய்தன. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். இங்கேதான் ஆளுக்கொரு யோசனை: ஸ்பிரிங்கை மாற்று, எண்ணெய் விடு, வேறு பெல்லட் வாங்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது குணப்படுத்தியது என்று எந்தக் காலத்திலும் தெரியாது. எண்ணெய் யோசனை ரொம்ப மோசம். சிலிண்டருக்குள் போன எண்ணெய், காற்று அழுந்தும் சூட்டில் பற்றி வெடிக்கும். புகையும் கூடுதல் சத்தமுமாக வீரமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும்.

நான் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் கிழித்து பேரல் மடங்கும் மூட்டின் மேல் வைத்துச் சுடச் சொன்னேன். காகிதம் அசையவில்லை, மூட்டு வாஷர் காற்றை ஒழுகவிடவில்லை என்று அர்த்தம். பேரல் வாயைப் பஞ்சுக் குச்சியால் சுற்றித் தடவினோம். பஞ்சு எங்கும் சிக்கவில்லை, விளிம்பில் பிசிறு இல்லை. பிறகு மரக்கட்டையின் முன்பக்கத்து ஸ்க்ரூக்களில் திருப்புளியை வைத்தால், இரண்டும் கடகடவென்று சுற்றின. பேரல் அடித்து மூடிய அதிர்ச்சியில் தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவின் ஓட்டையிலிருந்து முடி கனத்துக்கு ஒரு விரிசல் வேறு. கட்டைக்குள் இரும்பு ஆடினால் யார் சுட்டுத்தான் என்ன?

துப்பாக்கி கோயம்புத்தூரில் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனது. அவர் ஸ்கேலும் வைக்கவில்லை, மெஷினும் வைக்கவில்லை. பேரலை மட்டும் தனியாகக் கழற்றி, ஜன்னல் பக்கம் நீட்டி, உள்ளே பார்த்தார். ஜன்னல் சட்டத்தின் விளிம்பு பேரலின் உட்சுவரில் ஒரு நிழல்கோடாக ஓடும். பேரல் நேராக இருந்தால் கோடும் நேராக இருக்கும். மெல்ல உருட்டினார், ஓரிடத்தில் கோடு ஒடிந்து தெரிந்தது. "இங்க நிமிந்துருச்சுங்க, பாருங்க" என்று என் கண்ணிலும் பிடித்தார். தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அடிக்கட்டை வைஸில் கவ்வவிட்டு, பேரலுக்குத் தோல் சுற்றி, ஒரே அமுக்கு. பார்த்தார். இன்னொரு சின்ன அமுக்கு. மறுபடி பார்த்தார். விரிசலுக்குள் அரால்டைட்டை ஊட்டி, "ரெண்டு நாளு தொடாதீங்க" என்று கொடுத்துவிட்டார்.

ஸ்கோப்பை மறுபடி மாட்டியபோது திருகு நடுவிலேயே நின்றது. என் மருமகள் பிடித்துச் சுட்டாள். துளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. அவள் துப்பாக்கியை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தியிருந்தாள். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அதுதான் வேண்டும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். பெல்லட் பேரலை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆடட்டும் என்று விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடும். அமெரிக்காவில் ஏர் கன் பற்றி நிறைய எழுதியிருக்கும் டாம் கேலார்டு இந்தப் பிடிக்கு ஆர்ட்டிலரி ஹோல்டு என்று பெயர் வைத்தார். பீரங்கி தன் சட்டத்தில் தாராளமாகப் பின்னோக்கி நகர்வதைப் போல.

மச்சினரிடம் இதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் கட்டையைத் தோளோடு சேர்த்து நெரித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சுடுகிறார். துளைகள் திசைக்கொன்றாகப் போகின்றன. பெல்லட் கம்பெனியை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.